பதினேழாம் நம்பர் செட்டு

எனக்குக் கோபம் வரும் என்பது எங்கள் ஸ்டேஷனில் எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கு ஜெபசுதா டூட்டி, பார்த்துப் பேசு என்று ஒருவரை ஒருவர் எச்சரித்துக்கொள்வார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் கோபப்பட்டே ஆக வேண்டிய ஒரு நாளில் நான் கோபப்படாமல் இருந்துவிட்டேன். அந்த ஒரு நாள்தான் இன்று வரை என்னை விடவில்லை.

தூத்துக்குடித் துறைமுகத்தைக் கடந்து, உப்பளங்களையும் தாண்டிப் போனால் எங்கள் படைத்தளம். பெயரைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. ரகசியம் காப்பதில் அவர்கள் அவ்வளவு கெட்டி. நான் படையைச் சேர்ந்தவள் அல்ல. தளத்துக்குள் இருக்கும் தீயணைப்பு நிலையத்தில் சிவிலியன் ஊழியை. கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து, எங்கே தீ, யார் போகிறார்கள், உள்ளே போனவர் வெளியே வந்தாரா என்று கவனிப்பது என் வேலை. பதினோரு வருஷமாகச் செய்கிறேன்.

போன வருஷம் எங்களுக்கென்று தனியாக ஒரு பிராட்பேண்ட் நெட்வொர்க் வந்தது. தீயணைப்பு, ஆம்புலன்ஸ், காவல் ஆகிய மூன்று பிரிவுகளுக்கு மட்டும். புயலில் ஊர் டவர் எல்லாம் சாய்ந்தாலும் இது நிற்கும். ஊரே ஒரே நேரத்தில் போனை எடுத்தாலும் எங்கள் வழி மட்டும் திறந்திருக்கும். ஒவ்வொரு வீரருக்கும் கையடக்கமாக ஒரு செட்டு. அவர் எந்தக் கட்டடத்தில் எந்த மூலையில் நிற்கிறார் என்பது என் திரையில் பச்சைப் புள்ளியாகத் தெரியும். நான் பேசினால் அவர் காதில் விழும். கம்பெனி இன்ஜினியர் வந்து அரை நாள் பயிற்சி கொடுத்தார். அதிகாரிகள் எல்லோரும் உட்கார்ந்து போண்டா சாப்பிட்டபடி கேட்டார்கள். தீக்குள் போகிறவர்களை அன்றைக்கு மைதானத்தில் புல் வெட்ட அனுப்பியிருந்தார்கள். திரையை இயக்கப் போகிறவள் என்பதால் எனக்கு மட்டும் கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கிடைத்தது.

மறுநாளே பழைய வாக்கிடாக்கிகளைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ஓர் ஆள் பேரில் இரண்டு கருவி இருக்கக் கூடாதாம், ஸ்டோர் விதி. புதுச் செட்டுகள் பதினெட்டும் ஸ்டோரில் இரும்பு பீரோவுக்குள் போயின. பீரோ சாவி ஸ்டோர்கீப்பர் சிவசுப்பிரமணியன் அண்ணாச்சியின் இடுப்பில் போய்த் தொங்கியது.

அண்ணாச்சி கெட்டவர் இல்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் அவர் பொறுப்பில் இருந்த ஒரு பைனாகுலர் காணாமல் போனது. ஆறு வருஷம் விசாரணைக்கு அலையவிட்டார்கள். அதற்கப்புறம் எந்தச் சாமானைப் பார்த்தாலும் அது தொலைந்துபோகும் என்ற ஒன்றுதான் அவர் கண்ணுக்குத் தெரியும். எங்கள் துறையில் இதற்கென்று ஒரு வழக்கமே உண்டு. சாமான் பீரோவில் இருக்கும், பெற்றுக்கொண்டேன் என்ற கையெழுத்து ரிஜிஸ்டரில் இருக்கும். ஆடிட்டுக்கு வருகிறவர் ரிஜிஸ்டரைப் புரட்டிவிட்டு இளநீர் குடித்துப் போய்விடுவார். கையுறையிலிருந்து டார்ச் லைட் வரைக்கும் இப்படித்தான் நடந்தது. யாருக்கும் அது பொய்க் கையெழுத்தாகவே தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி ரிஜிஸ்டரை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். "எம்மா, பயலுவ ஒன் பேச்சத்தான் கேப்பானுவ. ஆளுக்கொரு கையெழுத்து வாங்கிக் குடுத்துரு. ஆடிட்டு முடியவும் செட்ட நானே எடுத்துத் தாரேன்," என்றார்.

வாங்கிக் கொடுத்தேன். முதல் வரியில் நானும் போட்டேன். பதினேழு வீரர்களில் பதினாறு பேர் ஒன்றும் கேட்காமல் போட்டார்கள். டிக்சன் மட்டும் பேனாவைப் பிடித்தபடி, செட்டு எங்கே அக்கா என்று கேட்டான். எனக்கு வீட்டுக்குப் போகும் நாசரேத் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "ஏலே, போடச் சொன்னா போடு. செட்டு எங்கயும் ஓடிராது," என்றேன். சிரித்துக்கொண்டே போட்டான், பதினேழாம் எண்ணுக்கு நேராக.

டிக்சன் வேம்பார்க்காரன். அவன் அப்பா சங்கு குளித்தவர். முப்பத்திரண்டு வயது, எங்கள் ஸ்டேஷனிலேயே அதிக நேரம் மூச்சுப் பிடிக்கிறவன் அவன்தான். ஆள் உள்ளே இருக்கிறது என்று தெரிந்தால் முதலில் போவான், கடைசியில் வருவான். வெறுங்கையோடு வர அவனுக்குப் பிடிக்காது.

அதற்குப் பிறகு ஏழு மாதம் எங்களிடம் வாக்கிடாக்கியும் இல்லை, செட்டும் இல்லை. கேமரா இல்லாத பட்டன் போன் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. அதை வைத்து ஓட்டினோம். மூன்று தடவை அண்ணாச்சியிடம் கேட்டேன். ஆடிட்டு தள்ளிப் போயிருக்கிறது என்றார், ஸ்கிரீனில் கீறல் விழும் என்றார், மேலிடத்திலிருந்து பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார், அது முடியட்டும் என்றார். நானும் சரி என்று திரும்பி வந்தேன். என் கோபத்தையெல்லாம் கேன்டீன்காரன் ஆறிப்போன டீயைக் கொண்டுவந்ததற்குச் செலவழித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெரிய அதிகாரி பிப்ரவரியில் வந்தார். வந்ததே எங்கள் நெட்வொர்க்கைப் பார்க்கத்தான். மைதானத்தில் பந்தல் போட்டு, மேசையில் வெல்வெட் விரித்து, செவ்வந்திப் பூ தூவி, அதன் நடுவே மூன்று செட்டுகளை வைத்தார்கள். மற்ற பதினைந்தும் பீரோவிலேயே இருந்தன. தீயணைப்பு வீரர்கள் யாரும் பந்தல் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று உத்தரவு. பூட்ஸ் அழுக்காக இருக்குமாம். பாதுகாப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கே ஜாமரைப் போட்டுவிட்டார்கள். ஜாமர் ஓடினால் தளத்துக்குள் சாதாரண செல்போன் எதுவும் பேசாது. எங்கள் தனி நெட்வொர்க் மட்டும் பேசும். பீரோவுக்குள் இருந்து யாரிடம் பேசுவது என்பது வேறு விஷயம்.

பத்தே முக்காலுக்குப் பெயின்ட் கிடங்கில் தீ என்று காவல்காரர் தரைவழி போனில் சொன்னார். சந்தனமாரி என்ற கூலிப்பெண், பிள்ளைகுட்டிக்காரி, உள்ளே டப்பாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள், வெளியே வந்ததை யாரும் பார்க்கவில்லை என்றார். வண்டி போனது. சக வீரன் முத்துச்செல்வம் வாசலில் தண்ணீர் ஹோஸைப் பிடித்து நின்றான். டிக்சன் முகமூடியும் காற்று சிலிண்டரும் மாட்டிக்கொண்டு உள்ளே போனான்.

அவன் உள்ளே போன மூன்றாவது நிமிஷம் வடக்கு கேட்டிலிருந்து போன். சந்தனமாரி அங்கே இருக்கிறாள், புகை கிளம்பியதுமே பின்வாசல் வழியாக ஓடிவந்துவிட்டாள், குழாயடியில் கண்ணைக் கழுவிக்கொண்டிருக்கிறாள்.

அவ்வளவுதான் சேதி. ஆள் வெளியே இருக்கிறாள், நீ வா. இதை நானூறு மீட்டர் தள்ளி நிற்கும் ஒருவனிடம் சொல்ல வேண்டும். டிக்சன் போனுக்கு அடித்தேன், போகவில்லை. முத்துச்செல்வத்துக்கு, வண்டி டிரைவருக்கு, எதுவும் போகவில்லை. காவல்காரரின் தரைவழி போனை எடுக்க ஆளில்லை. என் திரையில் பெயின்ட் கிடங்கின் படம் கதவு ஜன்னலோடு அழகாகத் தெரிந்தது. அதற்குள் ஒரு புள்ளி இல்லை. தளம் முழுக்க மூன்றே பச்சைப் புள்ளிகள், மூன்றும் பந்தலில் பூவுக்கு நடுவே.

அந்த மூன்றில் ஒன்றைக் கூப்பிட்டேன். எங்கள் ஸ்டேஷன் ஆபீசர் ஜேசுபாதம் மேசைக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். மணி அடித்ததும் கட் செய்தார். பெரிய அதிகாரி பேசிக்கொண்டிருந்தாராம். மறுபடி கூப்பிட்டேன், மறுபடி கட். மூன்றாவது தடவை செட்டையே அணைத்துவிட்டார். என் திரையில் மூன்று புள்ளி இரண்டாகியது. மற்ற இரண்டையும் சத்தம் வராமல் வைத்திருந்தார்கள் போல, அடித்துக்கொண்டே கிடந்தன.

கண்ட்ரோல் ரூமை விட்டு எழுந்திருக்கக் கூடாது. எழுந்து ஓடினேன். நாற்பத்தாறு வயதில், அந்த வெயிலில், எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு ஓடினேன். நான் கத்தியது பம்ப் சத்தத்தில் முத்துச்செல்வத்துக்குக் கேட்கவில்லை. அவன் தோளைப் பிடித்து உலுக்கிச் சொன்னேன். அவன் ஹோஸை டிரைவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே திரும்பியபோது கூரை ஷீட் இறங்கியது.

டிக்சனைக் கடைசி அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்தார்கள். சிலிண்டரில் காற்று தீரப்போகிறது என்று விசில் அடித்த பிறகும் அவன் திரும்பவில்லை. முகமூடியைக் கழற்றிவிட்டு, தரையில் படுத்து, இரண்டு கையாலும் தடவித் தடவித் தேடியிருக்கிறான். இரண்டு கையும் வெந்துபோயிருந்தன, நெஞ்செல்லாம் புகை.

எட்டாம் நாள் ஒரு அறிக்கையைக் கொண்டுவந்து சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். வீரர் டிக்சன் தமக்கு வழங்கப்பட்ட பதினேழாம் எண் கருவியை எடுத்துச் செல்லாமல் லாக்கரில் விட்டுச் சென்றார், ஆகவே வெளியேறும் உத்தரவு அவரை எட்டவில்லை, இது அவரது கவனக்குறைவு என்று அதில் எழுதியிருந்தது. அவன் லாக்கரைத் திறந்து பார்த்தார்களாம், உள்ளே செட்டு இருந்ததாம். பீரோவிலிருந்து அது எப்போது நடந்து லாக்கருக்குப் போனது என்று எழுதவில்லை. இந்த அறிக்கை நின்றால் டிக்சனுக்கு வேலை போய்விடும். பாதி நுரையீரலோடு, கவனமில்லாதவன் என்ற பெயரோடு வேம்பாருக்குப் போக வேண்டியதுதான்.

ஜேசுபாதம் எழுதிய அறிக்கை அது. எங்கள் சபையில் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நின்று பாடுகிறவர். அவர் அறைக்குப் போய்க் கேட்டேன். கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார். "கொஞ்சம் யோசிம்மா. அவன் எப்படியும் இனி வேலைக்கு வரப் போறதில்ல. மத்தவனுவ பொழப்பையும் சேத்துக் கெடுக்கணுமா?"

அந்தக் குரலில் இருந்த கரிசனம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. பூவுக்கு நடுவே மணி அடித்தபோது இந்தக் கரிசனம் எங்கே போயிருந்தது? கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீரர்களிடம் பேசிப் பார்த்தேன். செட்டுகளை அப்போதும் பீரோவை விட்டு எடுக்காமலே எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். செட்டு கையில் இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும், இல்லை என்றால் பொய்க் கையெழுத்துப் போட்ட குற்றம் உங்கள் தலையில் என்று. கிங்ஸ்டன் என் முகத்தைப் பார்க்காமலே, எனக்கு இரண்டு பொம்பளைப் பிள்ளை இருக்கிறது என்றான். டிக்சனுக்கு மட்டும் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். அவர்களைத் திட்டிக்கொண்டே பஸ் ஏறினேன். நாசரேத் வருவதற்குள் அந்தத் திட்டு முழுவதும் என் பக்கமே திரும்பிவிட்டது. கையெழுத்து வாங்கியவள் நான்.

விசாரணைக்குக் கொச்சியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மலையாளி, தமிழ் நன்றாகப் புரியும். எதிரே சீல் வைத்த ஒரு தடித்த கவர். அதற்குள்தான் பதினேழாம் நம்பர் செட்டு. ஜேசுபாதம் ஓரமாக உட்கார்ந்திருந்தார். நான் ஒன்று விடாமல் சொன்னேன். அதிகாரி குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு ஆதாரம் என்ன என்று கேட்டு, எதிரே இருப்பதை அவரே அடுக்கினார். ரிஜிஸ்டரில் பதினெட்டுக் கையெழுத்து இருக்கிறது, வீரர்கள் எல்லோரும் வாங்கிக்கொண்டோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், கம்ப்யூட்டர் பதிவு சோதனைக் காலம் என்பதால் சேமிக்கப்படவில்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. உங்கள் ஒருவர் வாய் வார்த்தையை வைத்து நான் என்ன செய்ய என்று கேட்டுவிட்டு பைலை மூடினார்.

அந்த பைல் மூடிய சத்தத்தில் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. என் கோபத்தால் இதுவரை யாருக்கும் நன்மை விளைந்ததில்லை, அன்றைக்கு ஒரு நாள் விளைந்தது.

"சார், ஏழு மாசம் கையில வச்சிருந்ததா சொல்லுதாங்கல்லா. அது என்ன கலருன்னு ஒவ்வொருத்தர்கிட்டயா கேளுங்க."

அவர் பைலை மறுபடி திறந்தார். கவரை மேசைக்கு அடியில் வைத்தார். ஒவ்வொருவராகக் கூப்பிடச் சொன்னார். என்னை அங்கேயே உட்காரச் சொன்னார்.

கிங்ஸ்டன் வந்து சல்யூட் அடித்து, செட்டை வாங்கிய நாளிலிருந்து டூட்டியில் எல்லாம் கூடவே வைத்திருப்பதாகச் சொன்னான். நிறம் என்ன என்றதும் திகைத்தான். கறுப்பு சார் என்றான். அடுத்து வந்தவன் சாம்பல் நிறம் என்றான். அதற்கடுத்தவன் கறுப்பிலேயே ஓரத்தில் வெள்ளைக் கோடு என்று கூடுதலாக ஒரு கோட்டையும் போட்டுக் கொடுத்தான். ஒருவன் எனக்கு நிறம் அவ்வளவாகத் தெரியாது சார் என்றான். நிறம் தெரியாதவனை எப்படித் தீயணைப்பில் சேர்த்தார்கள் என்று அதிகாரி ஜேசுபாதத்தைப் பார்த்துக் கேட்டார். ஜேசுபாதம் கைக்குட்டையை எடுத்தார். முத்துச்செல்வம் வந்தான். என்னைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். மிலிட்டரி பச்சை சார் என்றான். சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

ஆறு பேர் முடிந்ததும் போதும் என்றார் அதிகாரி. கவரின் சீலைப் பிரித்துச் செட்டை மேசையில் வைத்தார். பளீரென்ற ஆரஞ்சு, கல்யாண வீட்டுக் கேசரி நிறம். புகைக்குள் கைதவறி விழுந்தாலும் கண்ணில் படவேண்டும் என்றே அந்த நிறத்தில் செய்திருக்கிறார்கள் என்று பயிற்சி நாளில் இன்ஜினியர் சொன்னதை நான் கேட்டிருந்தேன். கேட்க வேண்டியவர்கள் அன்று புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

கையெழுத்துகளை வாங்கியது யார் என்று அதிகாரி கேட்டார்.

"நான்தான் சார். செட்டக் கண்ணுல காட்டாமலே வாங்குனேன். மொதல்ல என் பேர எழுதுங்க. அதுக்குக் கீழ பூட்டி வச்சவரு பேர எழுதுங்க. நான் கூப்பிடக் கூப்பிட கட் பண்ணுனவரு பேரையும் விட்டுராதீங்க."

எழுதினார். டிக்சன் மேல் இருந்த குற்றச்சாட்டு நீக்கப்பட்டது. பணியின்போது காயம் என்று பதிவானது, வேலை நிலைக்கும், குணமானதும் அலுவலக வேலை கொடுப்பார்கள். அண்ணாச்சிக்கு மாற்றல் வந்தது. பீரோவில் இருந்த ஒவ்வொரு சாமானையும் இரண்டு தடவை எண்ணிக் காட்டிய பிறகே சாவியை ஒப்படைத்தார். எனக்கும் பதினாறு வீரர்களுக்கும் பொய்ப் பதிவுக்காக மெமோ வந்தது. ஜேசுபாதத்துக்கு அறிவுரை வழங்கப்பட்டதாம். ஞாயிற்றுக்கிழமை அதே முதல் வரிசையில் நின்று பாடினார். நான் பாதி ஆராதனையில் எழுந்து வந்துவிட்டேன். வீரர்கள் யாரும் என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும். இப்போது ஆளுக்கொரு ஆரஞ்சு செட்டு இடுப்பில் இருக்கிறது, என் திரையில் புள்ளிகள் நடமாடுகின்றன.

டிக்சன் பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் கிடந்தான். விசாரணை முடியும்வரை ஸ்டேஷன் ஆட்கள் போய்ப் பார்க்கக் கூடாது என்று தடை. தடை நீங்கிய மறுநாள் போனேன். இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. தொண்டையிலிருந்து குழாயை எடுத்து நான்கு நாள்தான் என்றாள் அவன் மனைவி. அதிகாரிகள் மூன்று தடவை வந்தார்கள், செட்டை எங்கே வைத்தாய் என்பதையே திருப்பித் திருப்பிக் கேட்டார்கள், இவர் தலையை மட்டும் ஆட்டினார் என்றாள்.

பஸ்ஸில் வரும்போதே என்ன சொல்வது என்று கோத்து வைத்திருந்தேன். குற்றச்சாட்டு நீங்கிவிட்டது என்றேன். வேலை இருக்கிறது என்றேன். அன்றைக்கு நீ கேட்டபோது நான் பதில் சொல்லியிருக்க வேண்டும், உன்னை இந்தக் கட்டிலில் கொண்டுவந்து போட்டதில் எனக்கும் பங்கு இருக்கிறது, மன்னித்துக்கொள் என்றேன். சொல்லி முடிக்கும் முன்பே கட்டுப் போட்ட கையை அவன் அசைத்தான், போதும் என்பதைப் போல. ஏதோ கேட்க வந்தான். குரல் வர நேரமானது.

"அது கெடக்கட்டும்க்கா. அந்தப் பொம்பள... கடைசி வரைக்கும் தடவிப் பாத்தேன், ஆம்புடல. அவ பிள்ளையள இப்ப யாரு பாக்கா?"

நான் அவன் மனைவியைப் பார்த்தேன். எந்தப் பொம்பளை என்று அவள் என்னைப் பார்த்தாள்.

யாருமே அவனிடம் சொல்லவில்லை. பேப்பரும் பேனாவுமாக மூன்று தடவை வந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றவில்லை. இங்கே வராவிட்டாலும் இவன் மனைவிக்கு ஒரு போன் போட்டிருக்கலாம், எனக்கும் தோன்றவில்லை. ஒருத்தியைத் தீயில் விட்டுவிட்டு வந்தவனாக இருபத்தாறு நாள் இவன் இந்தக் கூரையைப் பார்த்தபடி கிடந்திருக்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்தில் கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பிறகு குனிந்து, அன்றைக்கு அவனை எட்டாத சேதியை அவன் காதுக்குப் பக்கத்தில் சொன்னேன்.

"ஏலே டிக்சன், அவ உள்ள இல்லலே. வடக்கு கேட்டுல இருக்கா. கொழாயில கண்ணு கழுவிக்கிட்டு இருக்கா. நீ வெளிய வந்துரு."

"இருக்காளா?" என்றான்.

"இருக்கா. நேத்துகூட வேலைக்கு வந்தா."

கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. கட்டுப் போட்ட கையால் அதைத் துடைக்க அவனால் முடியவில்லை, அவன் மனைவி துடைத்துவிட்டாள்.

"சரிக்கா," என்றான்.